ஒரு மிளகாய் சிவக்கும் நேரம்

சிவகாசியில் ஆடிக் காற்று மேசை மேல் ஒரு தாளைத் தங்க விடாது. அச்சகத்தின் முன்னறையில் ஒவ்வொரு தாள் கட்டின் மேலும் ஏதோ ஒரு பாரம் இருந்தது. பசை டப்பா, ஸ்டேப்ளர், துருப்பிடித்த பூட்டு. கணினித் திரைக்கு முன் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மேசையில் மட்டும் தாளே இல்லை. கீபோர்டுக்கு இடப்பக்கம் ஒரு வெள்ளைச் சாஸர். அதில் ஒரே ஒரு குண்டு மிளகாய் வற்றல்.

என் புத்தகத்தின் மேலட்டை அங்கே அச்சாக வேண்டியிருந்தது. முதல் ஷீட்டில் கலர் பார்த்துச் சரி சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று வந்திருந்தேன். "மெஷின்ல காலண்டர் ஓடுது சார். அது இறங்கினதும் உங்க வேலைதான். சாயங்காலம் ஆயிரும், உட்காருங்க" என்று சுவரோரம் கிடந்த நாற்காலியைக் காட்டினார் முதலாளி. ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள்தான் இருந்தது. வரும் வருஷத்துக் காலண்டர் ஆல்பங்கள் இந்த ஊரில் அன்றைக்குத்தான் வெளிவரும். அந்த வாரத்தில் மற்ற வேலை எல்லாம் காத்திருக்கத்தான் வேண்டும்.

நாற்காலி அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளிக் கிடந்தது. தோளுக்கு மேலாகத் திரை முழுதும் தெரிந்தது. அப்போது காலை பத்தரை.

இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதிருக்கும். காற்றுக்கு அலையாமல் துப்பட்டாவைப் பின்னால் முடிந்திருந்தாள். அவளுடைய கீபோர்டில் ஏ, ஐ, யூ மூன்று எழுத்துகளும் தேய்ந்து அழிந்து வெறும் கறுப்பாக இருந்தன. பத்திரிகை அலுவலகங்களில் லேஅவுட் ஆர்ட்டிஸ்ட்டுகளின் முதுகுக்குப் பின்னால் நின்றே பல வருஷம் கழித்தவன் நான். அதனால் அந்த மூன்று எழுத்துகளும் ஏன் தேய்ந்தன என்பது சீக்கிரமே விளங்கிவிட்டது. இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் யூ தட்டினால் மெஷ் என்ற வலைக் கருவி. ஏ தட்டினால் ஒற்றைப் புள்ளியைப் பிடித்து நகர்த்தும் வெள்ளை அம்பு. ஐ தட்டினால் இருக்கிற நிறத்தை உறிஞ்சி எடுக்கும் ஐட்ராப்பர். அன்று முழுக்க அவளுடைய இடது கை இந்த மூன்று கட்டைகளுக்கு நடுவிலேயே இருந்தது.

விருதுநகர் வியாபாரி ஒருவர் மிளகாய்த் தூளுக்குப் புதுப் பெட்டி போடுகிறார். நூறு கிராம் அட்டைப் பெட்டி, கடை வாசல் போர்டு, லாரியின் பக்கவாட்டு, அவர் தீபாவளிக்குக் கொடுக்கப்போகும் காலண்டரின் அடிப்பட்டை எல்லாவற்றிலும் ஒரே மிளகாய்க் குவியல் வர வேண்டும். முதலாளி போனில் யாரிடமோ இதைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். போட்டோவை லாரி அளவுக்கு இழுத்தால் உடைந்துவிடும். கோடாகவும் எண்ணாகவும் வைத்திருக்கும் வெக்டர் படம் உடையாது. எந்த அளவு கேட்டாலும் அந்த அளவுக்குத் தன்னைப் புதிதாக வரைந்துகொள்ளும். அந்தக் குவியலின் முதல் மிளகாயைத்தான் அவள் அன்று தொடங்கினாள்.

குண்டு மிளகாய் என்றால் வட்டம் போட்டுத் தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் போட்டது சதுரம். அதற்குள் மட்டமான ஒரு சிவப்பு. மெனுவுக்குள் போய் நாலு வரிசை, நாலு பத்தி என்று கொடுத்தாள். சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடின. அவை வெட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் சாய்சதுரமாக ஒரு சின்னப் புள்ளி. பிறகு மூலைகளை உள்ளே தள்ளினாள், பக்கங்களை வெளியே உப்ப வைத்தாள். மேல்கோட்டைக் காம்பு வரும் இடத்தில் லேசாகக் குழித்தாள். சதுரம் பார்த்திருக்கும்போதே உருண்டது. உள்ளே இருந்த கோடுகளும் கூடவே வளைந்து, பரங்கிக்காயின் வரிகள் போல மேலிருந்து கீழாக இறங்கின.

வட்டத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் மெஷ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மென்பொருள் அதன் போக்கில் கோடுகளை ஓட விடும். ஓரத்தில் அவை நூல் சிக்கலாகிவிடும்; அப்புறம் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பதிலேயே பொழுது போகும். சதுரத்தில் தொடங்கி அதைப் பொருளின் உடம்புக்கு வளைத்துக்கொண்டு போனால், எந்தக் கோடு எங்கே போகிறது என்பது கடைசிவரை கைக்குத் தெரிந்திருக்கும். இந்தச் சதுரத்தைப் பார்த்தபோதே இவள் கற்றுக்கொண்டவள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நாற்காலியைச் சத்தமில்லாமல் இன்னும் அரை அடி முன்னே இழுத்துக்கொண்டேன்.

சாதாரண கிரேடியன்ட் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு நேராகப் போகும், அல்லது நடுவிலிருந்து வட்டமாகப் பரவும். ரப்பர் பந்துக்கு அது போதும். வெயிலில் காய்ந்த மிளகாய் பந்து இல்லை. ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் ஒட்டி, தோல் இழுபட்ட இடத்தில் வரி விழுந்து, அந்த வரியின் ஒரு கரையில் மட்டும் வெளிச்சம் ஏறி நிற்கும். மெஷ்ஷில் நிறம் நிற்பது புள்ளிகளில். நாலு புள்ளிக்கு நாலு நிறம் கொடுத்தால், நடுவில் இருக்கும் கட்டம் நாலையும் தனக்குள் கலந்துகொள்ளும். பக்கக் கோடுகள் எப்படி வளைகின்றனவோ, கலவையும் அப்படியே வளையும்.

இந்தக் கணக்கு ஓவியர்களுக்காகப் பிறந்ததில்லை. கார், விமானம் போன்றவற்றின் வளைந்த உடம்பைக் கணினியில் வடிவமைப்பது எப்படி என்று 1960-களில் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பேராசிரியர் ஸ்டீவன் கூன்ஸ் 1967-இல் ஓர் அறிக்கை எழுதினார். நாலு வளைகோடுகளைக் கரையாக வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு பரப்பை விரித்து நிரப்பும் வழி அதில் இருந்தது. முப்பது வருஷம் கழித்து, 1997-இல், அச்சுப் பக்கத்தை விவரிக்கும் கணினி மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட்டின் மூன்றாம் நிலை அதே வழியை அச்சுப் பக்கத்துக்குக் கொண்டுவந்து, கட்டத்துக்குள் நிறத்தை விரித்தது. 1998-இல் இல்லஸ்ட்ரேட்டர் எட்டாம் பதிப்பில் மெஷ் கருவி வந்தது. பிடிஎஃப் கோப்பின் இலக்கணத்தில் இன்றைக்கும் அந்தக் கட்டத்துக்குக் கூன்ஸ் பேட்ச் என்றுதான் பெயர். விமானத்தின் வயிற்றுக்குப் போட்ட கணக்கில் இங்கே ஒரு மிளகாயின் வயிறு உருண்டுகொண்டிருந்தது. எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பதினொன்றரைக்கு மிளகாய்க்கு உருவம் வந்துவிட்டது, உயிர் வரவில்லை. அவள் சாஸரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாள். அப்படிப் பார்த்தால் வரியெல்லாம் மறைந்து இருட்டும் வெளிச்சமும் மட்டும் தெரியும். மிளகாயைத் தொட்ட விரல் மறந்தும் முகத்துக்குப் போகவில்லை. வேர்த்தபோது புறங்கையால்தான் நெற்றியை ஒற்றினாள்.

காலையிலேயே மொபைலில் ஒரு போட்டோ எடுத்து, அடி லேயரில் போட்டுப் பூட்டு வைத்திருந்தாள். ஆடி மாதத்து மேகம் வெளிச்சத்தை நிமிஷத்துக்கு நிமிஷம் மாற்றும். அதை ஒரு தரம் பிடித்து வைக்கத்தான் அந்தப் போட்டோ. ஐ தட்டி அதிலிருந்து நிறத்தை உறிஞ்சுவாள். உறிஞ்சியதை அப்படியே விடமாட்டாள். சாஸரை ஒரு பார்வை, பிறகு சுவரில் ஒட்டியிருந்த கலர் சார்ட்டை ஒரு பார்வை. இந்த அச்சகத்தின் மெஷினில், இந்த மையில் அச்சான சார்ட் அது. திரை காட்டும் சிவப்பை அவள் நம்பவில்லை. சார்ட்டில் ஒரு கட்டத்தைக் கண்ணால் பிடித்து, அதன் எண்களைத் திரையில் போட்டாள். மெஜந்தா 100, எல்லோ 100 என்று ஒரு புள்ளி. அதற்குப் பக்கத்தில் எல்லோவைப் பத்து குறைத்து இன்னொன்று.

புதுக் கோடு போடுவதற்கு அவள் யோசித்த அளவு வேறு எதற்கும் யோசிக்கவில்லை. காரணம் இருக்கிறது. மெஷ்ஷுக்குள் ஓரிடத்தில் கிளிக் செய்தால் அந்த இடத்தோடு அது நிற்காது. கோடு ஒரு கரையில் ஏறி மறு கரை வரை ஓடும். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. காம்படியில் ஒரு சுருக்கம் வேண்டுமென்று நாலு கோடு போட்டால், சுருக்கமே இல்லாத அடிவயிற்றிலும் அந்த நாலு கோடும் போய் நிற்கும். அங்கே அவற்றுக்கு வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கொடுத்தாக வேண்டும். ஒரு புள்ளியின் நிறம் கொஞ்சம் பிசகினாலும் அந்த இடம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் கோட்டைக் கூட்டக் கூட்ட அழகு கூடும் என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. கோடு குறைந்த இடத்தில்தான் நிறம் வழுவழுவென்று வழியும்.

அவள் ஒரு கோட்டைப் போட்டாள், பார்த்தாள், ஆல்ட் கட்டையைப் பிடித்துக்கொண்டு அதே புள்ளியை அழுத்தினாள். கோடு போய்விட்டது. இன்னொரு இடத்தில் போட்டாள். அதையும் எடுத்தாள். பத்து நிமிஷத்தில் மூன்று கோடு போட்டு, மூன்றையும் எடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பத்து நிமிஷம் எந்தப் பில்லிலும் ஏறாது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கோ அன்றைய வேலையில் பாதி அதுதான் என்று பட்டது.

நாலாவதாகப் போட்ட கோடு தங்கியது. மிளகாயின் இடத் தோளில் இருந்த வரிக்கு அது. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் இன்னும் இரண்டு போட்டாள். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் இருக்கிற நிறம் மாறாமல் கோடு மட்டும் வரும். மேல் கோட்டில் வெளிச்சம், நடுக் கோட்டில் இருட்டு, கீழ்க் கோட்டில் பழைய சிவப்பு. மூன்றும் நெருங்கி நின்றதால் வரி கத்தியால் கீறியதுபோல் விழுந்தது. அதே மூன்று கோடுகளும் வலப்பக்கம் போகப் போக ஒன்றை விட்டு ஒன்று விலகும்படி புள்ளிகளை இழுத்து வைத்தாள். அங்கே வரி மெல்ல மங்கித் தோலோடு தோலாகக் கரைந்துபோயிற்று. நெருங்கினால் விளிம்பு, விலகினால் மயக்கம். மெஷ்ஷின் வித்தையில் பெரும்பாதி இதற்குள் இருக்கிறது.

புள்ளியை இழுக்கும்போது பக்கத்துக் கட்டங்களும் கூடவே அசைந்தன. கயிற்றுக் கட்டிலில் ஒருவர் உட்கார்ந்தால் நாலு பக்கமும் கயிறு இறங்கிக் கொடுக்குமே, அந்த மாதிரி. அவள் இழுத்ததும் உடனே கையை எடுக்கவில்லை. பக்கத்தில் எது இறங்கியது என்று பார்த்து, அதையும் சரி செய்த பிறகுதான் அடுத்ததுக்குப் போனாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் உள்ளறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முதலாளியின் அப்பா. எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். இள வயதில் ஜிங்க் தகட்டின் மேல் பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து நிழல் எடுத்த லித்தோ ஆர்ட்டிஸ்ட் என்று அறிமுகம் செய்திருந்தார்கள். சிவப்புக்கு ஒரு தகடு, மஞ்சளுக்கு ஒரு தகடு, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. எந்த இடத்தில் எந்த நிறம் எவ்வளவு விழும் என்பதைத் தலைக்குள்ளேயே கலந்து பார்த்துவிட்டுக் கையால் புள்ளி வைக்க வேண்டும். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கு லேபிள் போடப்போய் வளர்ந்ததுதான் இந்த ஊரின் அச்சுத் தொழில். பெரியவரும் லேபிளில் கை பழகியவர்தான்.

அவர் அவளுக்குப் பின்னால் நின்றார். எனக்கும் திரைக்கும் நடுவில் அவர் முதுகு வந்தது. நான் சற்றுச் சாய்ந்து பார்த்தேன். வலப்பக்க நிழலுக்கு அவள் கறுப்பை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கருப்பக் கூட்டாதம்மா. செகப்பு செத்துரும். சயான்ல எறக்கு."

"சரி தாத்தா."

கறுப்பு 40 என்று இருந்ததை 15-க்குக் கொண்டுவந்தாள். சயானை 30-க்கு ஏற்றினாள். நிழல் இருட்டாகவே இருந்தது. ஆனால் அது இப்போது சிவப்பின் இருட்டு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் சாஸரைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் மிளகாயின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். சாஸரின் வெள்ளையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அடிவயிற்றில் ஒரு நூல் அகலத்துக்கு ஆரஞ்சாக ஏறியிருந்தது. நிழலின் ஓரம்தான் ரொம்ப இருட்டாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, ஓரத்துக்குச் சற்று உள்ளே தள்ளித்தான் இருட்டு. அவள் கடைசி வரிசைப் புள்ளிகள் மூன்றைத் தேர்ந்தெடுத்து மெஜந்தாவைக் குறைத்தாள். மிளகாய் பின்பக்கமும் உள்ள ஒரு பண்டமாகத் திரையை விட்டு எழுந்து நின்றது.

திரையின் வெற்றிடத்தில் ஒரு கிளிக் செய்தாள். கோடுகளும் புள்ளிகளும் மறைந்தன. மிளகாய் மட்டும் இருந்தது. பெரியவர், "ம்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

ஒரு மணிக்கு விருதுநகரிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் முதலாளி.

"என்ன அண்ணாச்சி, ஒரு மெளகாய்க்கு ஒரு நாளா? எம் மவன் சொல்றான், ஏஐ-ல கேட்டா ஒரு நிமிஷத்துல வருமாம்."

"வரும் அண்ணாச்சி. லாரில ஒட்டும்போது உடையும், அப்ப எங்கிட்டதான் வருவீங்க. நாளைக்குக் குவியலே காட்டுறேன், பாருங்க."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து மின்சாரம் போயிற்று. யூபிஎஸ் கீக் கீக்கென்று கத்தத் தொடங்கியது. பக்கத்து மேசைகளில் கோரலில் காலண்டர் வேலை செய்துகொண்டிருந்த பையன்கள், "சேவ், சேவ்" என்று ஒரே குரலில் கூவினார்கள். அவளுடைய கை அதற்கு முன்பே கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டிருந்தது. பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். சாஸரின் மேல் இன்னொரு சாஸரைக் கவிழ்த்துவிட்டுப் போனாள், காற்றுக்கு.

அறை சட்டென்று அமைதியானது. முதலாளியின் நாற்காலிக்கு மேல் சட்டம் போட்ட பழைய காலண்டர் படம் ஒன்று, ஒரு அம்மன். கொண்டைய ராஜு வழியில் வந்த கை என்று பார்த்ததும் தெரிந்தது. 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்த அந்த ஓவியர், நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிக்கொண்டே ஊர் ஊராகப் போய், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித்தான் நம் வீடுகளின் பூஜை அலமாரிக்கு வந்தன. நான் எழுந்துபோய் அம்மனின் கன்னத்தைப் பார்த்தேன். கன்னத்தின் நடுவில் ரோஜா நிறம். காதருகே சந்தன நிறம். இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கண்ணால் தேடினேன். அகப்படவில்லை. பிரஷ்ஷால் செய்த காரியம் அது. அதைத் தகட்டில் ஏற்றியவன் புள்ளியால் செய்திருப்பான். கீழே அணைந்த திரைக்குள் இருந்ததும் அதே காரியம்தான்.

மூன்று மணிக்கு அவள் காம்புக்கு வந்திருந்தாள். காம்பை உடம்பின் மெஷ்ஷோடு சேர்க்கவில்லை; தனி. காம்புக் குழிக்கு ஒரு சின்ன மெஷ், தொப்பி போல மூடியிருக்கும் புல்லிக்கு ஒன்று, காம்புக்கு இரண்டு பத்தி மூன்று வரிசையில் ஒன்று. உடம்பு முழுக்கக் கோடு ஓடாமல் இருக்க இதுதான் வழி. காய்ந்த காம்புக்கு வைக்கோல் நிறம் கொடுத்து, முறிந்த நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சையை மிச்சம் வைத்தாள். சாஸரில் இருந்த மிளகாயிலும் அந்தப் பச்சை இருந்தது. அவள் வரைந்த பிறகுதான் நான் அதைப் பார்த்தேன்.

கடைசியாக ஹைலைட். நான் வெள்ளையை எதிர்பார்த்தேன். அவள் மெஜந்தா பத்து, எல்லோ ஐந்து, சயான் நாலு என்று வைத்தாள். ஜன்னல் வழியே வந்த மேகத்து வெளிச்சம் அது. அதற்குக் கொஞ்சம் நீலம் உண்டு. நாலு புள்ளிகளை மிக நெருக்கமாகக் கூட்டி, மேல் விளிம்பைக் கூராக்கி, கீழ் விளிம்பை இளக விட்டாள். மிளகாயின் தோளில் ஒரு ஜன்னல் திறந்தது.

திரையில் பெரிதாக்கினாள். இன்னும், இன்னும். மிளகாயின் ஒரு வரி மட்டும் திரை முழுக்க நிறையும் வரை. எந்த இடத்திலும் உடையவில்லை. பிறகு நூறு கிராம் பெட்டியில் வரப்போகும் அளவுக்குச் சுருக்கினாள். கட்டை விரல் நகம் அளவு. அதிலும் அந்தப் பச்சை நுனி தெரிந்தது.

நாலே முக்காலுக்கு, "சார், உங்க ஷீட் வந்துருச்சு" என்று உள்ளே கூப்பிட்டார்கள். மெஷின் அறையில் மை ஈரத்தோடு என் அட்டை கிடந்தது. நீலம் கொஞ்சம் ஏறியிருந்தது. சொன்னேன், குறைத்தார்கள். இரண்டாவது ஷீட்டுக்குச் சரி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

பையை எடுக்க முன்னறைக்குத் திரும்பியபோது, திரையில் அந்த மிளகாயின் நகல் ஒன்று பக்கத்தில் நின்றது. குவியலுக்கு இருபது மிளகாயாவது வேண்டும். நகல் எடுத்து அங்கங்கே திருப்பி வைத்தால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பக்கத்து மேசைப் பையன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். "காப்பி போட்டு ரொட்டேட் பண்ணுக்கா. யாரு பாக்கப் போறா?"

அவள் பதில் சொல்லவில்லை. மேசை டிராயரைத் திறந்தாள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய வற்றல். ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள், விதைகள் சலசலத்தன. அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். இது சற்று நீளம், வயிற்றில் பெரிய ஒடுக்கு, காம்பு இல்லை. சாஸரில் வைத்து ஒடுக்கு தன் பக்கம் வரும்படி திருப்பினாள். பிறகு வெள்ளை அம்பால் நகலின் நடு வரிசைப் புள்ளி ஒன்றைப் பிடித்து, மெல்ல உள்ளே இழுத்தாள்.